பக்கத்துச் செடி செத்ததா? மிளகாய் ரகங்களை வாடல் நோய்க்குச் சோதித்துப் பார்ப்பது எப்படி

மழை பிடித்துச் சில வாரம் கழித்து, பச்சைப்பசேலென்று நின்ற மிளகாய்ச் செடி ஒரு நண்பகலில் தலை தொங்கும். சாயங்காலம் தெளிந்துவிடும். மறுநாள் மறுபடி தொங்கும். சில நாளில் இலை மஞ்சளாகக்கூட நேரமில்லாமல் செடி பட்டுப்போகும். கீழ்ப்பர்மாவில் சிரியம், பெகு, தட்டோன், மோல்மேன் பக்கங்களில் மிளகாய், தக்காளி, கத்தரி வைப்பவர்களுக்கு இது தெரிந்த சாவுதான். காரணம் பெரும்பாலும் மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா. ரால்ஸ்டோனியா சொலனாசியேரம் என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். ஆசியாவில் பரவியிருக்கும் பெரும்பகுதிக்கு 2014இல் ரால்ஸ்டோனியா சூடோசொலனாசியேரம் என்று தனிப்பெயர் வந்தது. வேரில் உள்ள காயம் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, தன் பிசினாலேயே அவற்றை அடைத்துவிடுகிறது. செடி தாகத்தில் சாகிறது. உள்ளே போன பிறகு வெளியேற்ற மருந்து கிடையாது. அதனால்தான் தாங்கும் ரகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

தேடும்போது பலரும் செய்வது இதுதான்: நோய் வந்த தோட்டத்தில் நாலைந்து ரகம் வைப்பது, எது பிழைத்ததோ அதற்கு விதை எடுப்பது. அடுத்த வருஷம் அதுவும் செத்துப்போகும். "ரகம் கெட்டுவிட்டது" என்பார்கள். ரகம் கெடவில்லை, முதல் வருஷம் அந்த இடத்தில் கிருமி போதுமான அளவு இல்லாமல் இருந்திருக்கும். நோய்க்கு ஆளாகும் செடிகளில் பாதி மட்டுமே சாகும் இடம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு ரகத்தில் நாலு செடி வைத்தால், நாலும் சும்மா அதிர்ஷ்டத்தில் பிழைக்கும் வாய்ப்பு 16இல் 1. இப்படி ஒரு திறனும் இல்லாத 32 ரகம் வைத்தால், சராசரியாக இரண்டு ரகம் "நோய் தாங்கும் ரகம்" என்று பேர் வாங்கிக்கொள்ளும். பிழைத்த செடியைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் பக்கத்தில் நட்ட எளிதில் சாகும் செடி செத்ததா என்று பார்க்க வேண்டும். கீழே சொல்லும் முறை முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில், எந்த வாடல்?

வாடல் என்பது ஒரே நோய் அல்ல. தவறான நோய்க்கு ரகம் தேர்ந்தால் ஒரு பருவ உழைப்பு வீண். அன்றைக்கு வாடிய, இன்னும் பச்சையாக இருக்கும் செடியை வேரோடு பிடுங்குங்கள். தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரில் வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி கட்டித் தொங்கவிடுங்கள். அசைக்காதீர்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல வெள்ளையாக இழை இறங்கும். காய்ந்துபோன செடியில் இந்தச் சோதனை ஏமாற்றும். பச்சைச் செடிதான் வேண்டும்.

நூல் இறங்கவில்லை என்றால் வேறு ஆள். கழுத்துப்பகுதி கறுத்து, நீர் கோத்ததுபோல் அழுகி, செடி சட்டென்று விழுந்தால் பைட்டோப்தோரா என்ற அழுகல் நோய். கழுத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, அதில் கடுகுபோல் உருண்டைகள் ஒட்டியிருந்தால் ஸ்கிளிரோஷியம். கீழ் இலைகள் மஞ்சளாகி, வாரக்கணக்கில் மெல்ல வாடி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக்கோடு ஓடினால் பியூசேரியம். பள்ளமான இடத்தில் எல்லாச் செடியும் ஒரே நாளில் தொங்கினால், அது வேர் மூச்சுத்திணறல். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கீழ்ப்பர்மாவில் இதை நோய் என்று எண்ணிக்கொள்வது சாதாரணம்.

ஐந்து செடிகளையாவது இப்படிப் பாருங்கள். இரண்டு நோய் கலந்திருக்கும் நிலம் சோதனைக்கு உதவாது.

ஒன்றுக்குத் தாங்கும் ரகம் இன்னொன்றுக்கும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மெக்சிகோவின் கிரியோல்லோ தெ மோரேலோஸ் 334 பைட்டோப்தோராவுக்கு உலகம் முழுதும் எதிர்ப்பு மூலமாகப் பயன்படுகிறது. பாக்டீரியா வாடலுக்கு அதை நம்பக்கூடாது. அதற்குத் தனி மூலங்கள் உண்டு: மலேசியாவிலிருந்து வந்த எல்எஸ் 2341, கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த உஜ்வலா, அனுகிரகா. இனி இங்கே பேசுவது பாக்டீரியா வாடலைப் பற்றி மட்டும்.

எப்போது செய்வது

பனிக்காலத்தில் செய்யவே கூடாது. தடிங்ஜு விளக்குத் திருநாள் முடிந்து நட்டு, தை மாசியில் பறிக்கும் மிளகாய்தான் நம் முக்கிய வெள்ளாமை. ஆனால் மண் 20 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர்ந்துவிட்டால் இந்தக் கிருமி தன் வேலையைக் காட்டாது. நோய்க்கு ஆளாகும் ரகமும் ஜம்மென்று நிற்கும். கிருமிக்கு உகந்தது 28 முதல் 32 டிகிரியும் ஈரமும். ஆகவே திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) கழிந்த வாரத்தில், ஏப்ரல் 20 வாக்கில், விதை போடுங்கள். மே கடைசியில் மழை பிடிக்கும்போது நாற்று ஐந்து வாரம் ஆகி, ஐந்தாறு இலையோடு நடவுக்குத் தயாராக இருக்கும். ஆகஸ்டுக்குள் முடிவு தெரிந்துவிடும். பிழைத்தவற்றில் செப்டம்பர், அக்டோபரில் பழம் எடுக்கலாம்.

என்னென்ன ரகம்

எட்டு ரகத்துக்கு மேல் முதல் வருஷம் வேண்டாம். வானம் பார்த்துக் காய்க்கும் மோதவுங் வகை, வீட்டுப் பரணில் துணியில் முடிந்து வைத்த நாட்டு விதை, சந்தையில் நன்றாக விலைபோகும் ரகம் என்று கலந்து எடுங்கள். ஒவ்வொரு விதையும் எந்த ஊர், யார் வீடு, எந்த வருஷ அறுவடை என்று முதல் நாளே எழுதுங்கள். வீரிய ஒட்டு (கலப்பின) ரகத்தின் பழத்திலிருந்து எடுத்த விதையைச் சேர்க்க வேண்டாம். செடிக்குச் செடி குணம் பிரிந்து, பத்துச் செடியில் ஐந்து சாகும், ஐந்து நிற்கும், எதையும் சொல்ல முடியாது. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதை உறையை அப்படியே சோதிக்கலாம், ஆனால் அதிலிருந்து விதை காக்க முடியாது.

இவற்றோடு கட்டாயம் வேண்டியது சாட்சி ரகம்: நிச்சயமாகச் சாகும் மிளகாய். உங்கள் ஊரில் வாடலில் முதலில் விழுவது எதுவோ அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் கலிபோர்னியா வொண்டர் குடைமிளகாய். தக்காளியைச் சாட்சியாக வைக்கலாமே என்பார்கள், வைக்காதீர்கள். தக்காளியைக் கொன்றுவிட்டு மிளகாயை அவ்வளவாகத் தொடாத கிருமி வகைகள் உண்டு. தக்காளி செத்தது என்பது மிளகாய்க்குச் சான்றாகாது.

தாங்கும் சாட்சியாக உஜ்வலாவோ அதுபோன்ற ஒன்றோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் வேலை நடக்கும். வெளிநாட்டு விதையை நோயில்லாச் சான்றும் அனுமதியும் இல்லாமல் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம்.

நோய் நிலத்தில் சோதிப்பது

போன பருவத்தில் மிளகாயோ கத்தரியோ தக்காளியோ பரவலாகச் செத்த இடமே வேண்டும். நெல் அறுத்த வயலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல மாதம் தண்ணீர் கட்டிய மண்ணில் இந்தக் கிருமி குறைந்துவிடும். சுண்ணாம்பு போடாதீர்கள். தாமிர மருந்து, டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சை, உயிரிக்கொல்லி எதுவும் இந்தப் பாத்திக்கு வேண்டாம். நோயைத் தணித்துவிட்டு ரகத்தைச் சோதிப்பதில் பொருளில்லை. அதே நிலத்தில் வாடிய செடிகளைத் துண்டாக்கி, நடவுக்குச் சில நாள் முன்னால் அங்கேயே மண்ணில் கலக்கலாம். வேறு நிலத்துக்கு ஒரு பிடி மண்கூடப் போகக்கூடாது.

நாற்றங்கால் மண் சுத்தமாக இருக்க வேண்டும். மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கரித்த உமி ஒரு பங்கு கலந்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். நாற்றங்காலிலேயே கிருமி புகுந்தால், எந்த ரகம் எப்போது நோய் வாங்கியது என்று சொல்ல முடியாது. ரகத்துக்கு 30 செடி தேவை. 50 விதை போடுங்கள். முளைக்காததும், நாற்றழுகலில் போனதும் கணக்கில் வராது.

ஏன் 30? பத்துச் செடி வைத்துப் பத்தும் பிழைத்தால்கூட, அந்த ரகத்தில் நாலில் ஒரு செடி சாகக்கூடியது என்பதை மறுக்க முடியாது. 30 வைத்து 30உம் பிழைத்தால் அந்தச் சந்தேகம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இதற்குக் குறைந்த எண்ணிக்கையில் செய்யும் சோதனைக்கு உழைப்பு மிச்சம், நம்பிக்கைதான் மிஞ்சாது.

நிலத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு ரகத்துக்கும் ஒரு வரிசை, வரிசைக்குப் பத்துச் செடி. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45. முதலில் ஒரு சாட்சி வரிசை, பிறகு இரண்டு ரகம், மறுபடி சாட்சி, மறுபடி இரண்டு ரகம் என்று போய்ச் சாட்சியில் முடியுங்கள். அப்போது எந்த ரகத்தை எடுத்தாலும் ஒரு பக்கம் சாட்சி நிற்கும். கட்டத்துக்கு 13 வரிசை, 130 செடி; மூன்றுக்கும் சேர்த்து 390, அதில் 150 சாட்சி. நிறையச் சாட்சியாக இருக்கிறதே என்று குறைத்துவிடாதீர்கள், இந்த 150தான் மீதி 240க்கும் உயிர் கொடுக்கிறது.

எந்த ரகம் எந்த வரிசை என்பதைக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல் சீட்டுப் போட்டு எடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாகச் சீட்டு. நல்ல ரகம் என்று நாம் நினைப்பதை நல்ல இடத்தில் வைக்கக் கை தானாகப் போகும். அதைத் தடுக்கவே இது.

பாத்தி 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். ஈரம் வேண்டும், தேக்கம் வேண்டாம். உரம் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு. நடும்போது வேரை இலேசாகக் கிள்ளி நட்டால் நுழைவாய் எல்லாச் செடிக்கும் சமமாக இருக்கும். இதைச் செய்தால் எல்லாவற்றுக்கும் செய்யுங்கள், இல்லையேல் எதற்கும் வேண்டாம்.

எண்ணுவது

நட்ட ஏழாம் நாள் ஒருமுறை பாருங்கள். அதற்குள் செத்தவை நடவுச்சேதம், மாற்றி நடலாம். அதன்பின் மாற்றக்கூடாது. வாரம் இருமுறை, காலை 8 மணிக்குள் எண்ணுங்கள். உச்சி வெயிலில் நோயில்லாத செடியும் தலை தொங்கும்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண்: வாடலே இல்லை என்றால் 0, நாலில் ஒரு பங்கு இலைவரை வாடினால் 1, பாதிவரை 2, முக்கால்வரை 3, அதற்கு மேலோ செத்தோ 4. மிளகாயில் ஒரு கிளை மட்டும் வாடி மற்றவை நிற்பதும், வாடாமலே குட்டையாக நின்றுபோவதும் உண்டு. குட்டையைத் தனியாகக் குறித்துவையுங்கள். செத்த செடி ஒவ்வொன்றிலும் தம்ளர்ச் சோதனை செய்ய நேரமிருக்காது; ரகத்துக்கு இரண்டிலாவது செய்யுங்கள். நூல் இறங்காத சாவு வேறு நோய்க்குச் சேர்ந்தது.

பத்து வாரம் முடிந்ததும் கணக்கு. ஒரு ரகத்தின் 30 செடியில் 18க்கு 0, 2க்கு 1, ஒன்றுக்கு 2, ஒன்றுக்கு 3, எட்டுக்கு 4 என்றால், மொத்தம் 2 + 2 + 3 + 32 = 39. எல்லாமே செத்திருந்தால் 30 × 4 = 120. 39ஐ 120ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 32.5 சதவீதம். இதுதான் நோய்க் குறியீடு.

ஆனால் கணக்குப் போடும் முன் சாட்சி வரிசைகளைப் பாருங்கள். பத்தில் எட்டுச் செடியாவது சாகாத சாட்சி வரிசையை ஒட்டிய ரக வரிசைகளை அந்தக் கட்டத்தில் அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக நின்றாலும் சரி. இரண்டு கட்டத்தில் அடிபட்ட ரகத்துக்கு இந்த வருஷம் முடிவில்லை. வருத்தமாகத்தான் இருக்கும், பொய்யான நல்ல ரகத்தை ஊருக்குக் கொடுப்பதைவிட இந்த வருத்தம் மேல்.

சாட்சி சரியாக விழுந்த இடத்தில், குறியீடு 10க்குள் என்றால் வலுவான எதிர்ப்பு. 10 முதல் 30வரை, மற்றக் காப்பு முறைகளோடு சேர்த்து வைக்கத்தக்கது. அதற்கு மேல் விட்டுவிடலாம். ஒரே குறியீடுள்ள இரண்டு ரகத்தில், தாமதமாக வாடுவது மேல். ஐந்து பறிப்பு கொடுத்துவிட்டுச் சாகும் செடியும், பூவிலேயே சாகும் செடியும் ஒன்றல்ல.

கடைசியில் செத்தவை, நின்றவை இரண்டின் வேரையும் பிடுங்கிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அது துளைத்த வேரில் தாங்கும் ரகமும் தோற்கும். அப்படிச் செத்த ரகத்தைத் தள்ளிவிடாமல், நூற்புழு இல்லாத நோய் நிலத்தில் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்.

தொட்டியில் சோதிப்பது

நிலம் எங்கும் ஒரே மாதிரி நோய் இராது. தொட்டியில் கிருமியை அளந்து ஊற்றலாம், நாலு வாரத்தில் முடிவு. ஆனால் கிருமியைக் கையாளும் வேலை இது. நோய் ஏற்கெனவே உள்ள தோட்டத்துக்குள் மட்டுமே செய்யுங்கள். சிமெந்துத் தரையிலோ தடித்த பிளாஸ்டிக் விரிப்பிலோ வைத்து, வடியும் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் பிடியுங்கள்.

10 சென்டிமீட்டர் தொட்டிகளில், வேகவைத்த மண்ணில், நாலைந்து இலை விட்ட நாற்று. அன்று வாடிய மிளகாய்த் தண்டுகளைக் கழுவி, சாராயம் தோய்த்த துணியால் துடைத்து, விரல் நீளத் துண்டாக வெட்டி, கொதித்து ஆறிய தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் இலேசாக மங்க வேண்டும். பின்னால் பிடித்த அச்செழுத்தைப் படிக்க முடிய வேண்டும். பால்போல் ஆனால் அதிகம், நீர் சேருங்கள். ஆய்வுக்கூட அளவு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி கிருமி. கண்மதிப்பு அதற்குக் கிட்டத்தில் வரும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் ஊற்றிவிடுங்கள்.

தண்டிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு பக்கம் மட்டும், கத்தியை 4 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி வேரை அறுங்கள். அந்தக் கீறலில் 30 மில்லி ஊற்றுங்கள். ஒவ்வொரு ரகத்திலும் மூன்று செடிக்கு வேரை அறுத்து வெறுந்தண்ணீர் ஊற்றுங்கள், அதுவும் முதலில், கத்தியில் கிருமி படுவதற்கு முன். அவை வாடினால் உங்கள் கத்திதான் செடியைக் கொன்றது. அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஊற்றியபின் மண் காயாமல் வைத்து, மூன்று நாளுக்கொருமுறை 28ஆம் நாள்வரை அதே 0 முதல் 4வரை எண் போடுங்கள்.

யெசின் வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்கூட வசதியோடு இருந்தால் தூய கிருமியை எடுத்துத் தரலாம். கிருமி வளர்க்கும் ஊட்டக்கூழுக்கு, ஒரு லிட்டருக்குப் பெப்டோன் 10 கிராம், கேசின் ஹைட்ரோலைசேட் 1 கிராம், குளுக்கோஸ் 5 கிராம், அகார் 15 கிராம். அழுத்த ஆவியில் வேகவைத்து, 55 டிகிரிக்கு ஆறியதும் 1 சதவீத டெட்ராசோலியம் கரைசல் 5 மில்லி. 28 டிகிரியில் இரண்டு நாள். ஒழுங்கற்ற வடிவில், வழவழவென்று வெள்ளையாக, நடுவில் இளஞ்சிவப்பாக வருவதே கொல்லும் கிருமி. சிறிதாக, வட்டமாக, அடர்சிவப்பாக வருவது வீரியம் இழந்தது. அதை ஊற்றினால் எல்லா ரகமும் பிழைத்துவிடும். எடுத்ததைக் கிருமி நீக்கிய தண்ணீரில், அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சாகும். மற்றக் கிருமிகளோடு பழகியவர்கள் இங்கேதான் தவறுவார்கள்.

முடிந்ததும் செடிகளை எரித்து, தொட்டி மண்ணை ஒரு மணி நேரம் வேகவையுங்கள். கத்தி, தொட்டி, செருப்பு எல்லாம் வெளுப்புக் கரைசலில் பத்து நிமிடம். இஞ்சி, நிலக்கடலை, புகையிலை வைத்த பக்கமும் இந்த மண் போகக்கூடாது; அவற்றுக்கும் வரும் நோய்.

விதை எடுப்பது

தேறிய ரகத்தில் நிற்கும் நல்ல செடிகள் ஐந்தாறைத் தேர்ந்து, ஒரு கிளையில் மலர்ந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு, மொட்டுகளோடு நெருக்கமான கொசுவலைத் துணியால் மூடிக் கட்டுங்கள். மிளகாய் தன் மகரந்தத்தில் காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் பக்கத்துச் சாட்சியோடு கலக்கும். காய் பிடித்ததும் துணியை எடுத்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நூல் கட்டாத பழத்தைச் சமையலுக்கு மட்டும் எடுங்கள்.

பழம் எடுத்தபின் அந்தச் செடியின் அடித்தண்டை வெட்டித் தம்ளரில் தொங்கவிடுங்கள். வெளியே வாடாமல் நின்ற செடியிலிருந்தும் சில சமயம் பால்நூல் இறங்கும். அது கிருமியைத் தாங்கிக்கொண்டு வாழ்கிறது; வீட்டுக்கு விளைச்சல் தரும், நிலத்தில் கிருமியையும் வளர்க்கும். நூல் இறங்காத செடியின் விதையையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். செடிக்குச் செடி தனி உறை, கலக்காதீர்கள்.

அடுத்த திஞ்சானுக்குப் பிறகு அந்த உறைகளை மறுபடி சாட்சியோடு வையுங்கள். ஒரு பகுதியை வேறு ஊர் நோய் நிலத்தில் வைக்கக் கொடுங்கள்: பெகுவில் தேறியது தட்டோன் செம்மண்ணில் தேற வேண்டியதில்லை, அங்கே இருக்கும் கிருமி வகை வேறாக இருக்கலாம். கொடுக்கும்போது விதையைத்தான் கொடுக்க வேண்டும், நாற்றையல்ல. நாற்றின் வேரோடு உங்கள் மண்ணும் போய்விடும்.

தேறிய ரகம் காய் சிறுத்து, சந்தையில் வீசைக்கு விலை கிடைக்காததாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அதன் வேரில் நல்ல ரகத்தின் தலையை ஒட்டலாம். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் குடைமிளகாயை வாடல் தாங்கும் மிளகாய் வேரில் ஒட்டும் முறையைத்தான் பரிந்துரைக்கிறது. ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். மண் அணைக்கும்போது ஒட்டுவாய் புதைந்தால் மேல்தலை தானே வேர் விட்டு, அந்த வேர் வழியாக நோய் ஏறிவிடும்.